சித்தி வெட்டிய கழுகு

என் சித்தியை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சு போடுகிற அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே சலவைப் பிரிவில் இருக்கிறாள். துவைப்பது, பிழிவது, உலர்த்துவது எல்லாம் மெஷினும் மற்றவர்களும் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வரும் விரிப்பு, போர்வை, தலையணை உறை, நோயாளிகள் போடும் சட்டை எல்லாவற்றிலும் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று பெயின்ட்டால் குறிப்பதுதான் சித்தியின் வேலை. கையால் எழுதினால் ஒரு நாளைக்கு முப்பதைத் தாண்டாது. அதனால் எழுத்துகளை ஒரு தகட்டில் ஓட்டையாக வெட்டி, துணிமேல் வைத்து, பஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றி எடுப்பாள். ஸ்டென்சில் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தகட்டுக்கு எங்கள் வீட்டில் ஓட்டை அட்டை என்று பெயர்.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டை போட்டுத்தான் சோறு சாப்பிடுறேன்" என்பாள் சித்தி.

"எலியும் அதைத்தான் செய்யுது. அதுக்கு யாரு பென்ஷன் தர்றா?" என்பார் சித்தப்பா.

அந்த அட்டையை எதில் வெட்டுவது என்பதில் சித்திக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. காகித அட்டை பத்து விரிப்புக்குள் ஊறி ஓரம் பிசிறிவிடும். பிளாஸ்டிக் தாளில் கத்தி வழுக்கும். அவள் கண்டுபிடித்து வைத்திருந்தது எக்ஸ்ரே ஃபிலிம். பெயின்ட் அதில் ஊறாது, சுருளாது, கழுவினால் மறுபடியும் புதிது. யாரும் வாங்க வராத பழைய ஃபிலிம்களை எக்ஸ்ரே அறையில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். அதிலிருந்து எடுத்து வருவாள். 'பெண்கள் பிரிவு' யாருடைய முழங்காலிலோ வெட்டப்பட்டிருக்கும். 'குழந்தைகள் பிரிவு' யாரோ ஒரு கிழவரின் இடுப்பில் இருந்தது.

வெட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் எழுத்துக்குள் மூடிய வட்டம் இருந்தால், வெட்டும்போது அந்த வட்டமும் கழன்று விழுந்துவிடும். அது விழாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய கீற்றை விட்டு வெட்ட வேண்டும். சித்தி அதைப் பாலம் என்பாள். அவள் விடும் பாலம் எப்போதும் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எந்த விரிப்பைப் பார்த்தாலும் அந்தச் சாய்ந்த கீற்றை வைத்து இது சித்தி போட்டது என்று நான் சொல்லிவிடுவேன்.

வெட்டி முடித்ததும் கீழே விழுந்த துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "நமக்கு வேணும்கிறது ஓட்டை. விழுறது குப்பை" என்று கூட்டித் தள்ளிவிடுவாள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் இருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. "ஊரையே மேலே ஏத்தி இறக்குறேன். என் வீட்டுக்கு நான் நடந்து ஏறணும்" என்று தினமும் ஏதோ புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நாங்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் பாதி நேரம் நான்காவது மாடியில்தான் இருப்பேன். ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்பதால் சித்தப்பா என்னைக் காத்தாடி என்று கூப்பிடுவார்.

பள்ளிக்கூடத்தின் கடைசி நாளுக்கு, அவரவர் வீட்டில் வரைந்த டீ-ஷர்ட்டைப் போட்டு வருவது என்று எங்கள் வகுப்பில் முடிவு செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளை டீ-ஷர்ட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

"சித்தி, எனக்கு ஒரு கழுகு வேணும். இறக்கையை முழுசா விரிச்ச மாதிரி. நெஞ்சு முழுக்க வரணும்."

"கழுகு எதுக்குடி? எங்கே பறக்கப் போறே?"

"எங்கேயாவது."

"முதல்ல காலையில எட்டு மணிக்கு எழுந்திருக்கிற வழியைப் பாரு. அப்புறம் பறக்கலாம்" என்றது உள்ளே இருந்து சித்தப்பாவின் குரல்.

சித்தி உடனே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரித் துணியில் வருஷக்கணக்காக 'எலும்புப் பிரிவு', 'கண் பிரிவு' என்று ஒற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பறவை வெட்டக் கிடைத்ததே பெரிய சந்தோஷம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு கழுகு வரைந்தாள். நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஃபிலிம்தான் இல்லை. ஆஸ்பத்திரியில் ஃபிலிம் எடுப்பதை நிறுத்தி, எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் சித்தி சேர்த்து வைத்திருந்ததில் விரல், மணிக்கட்டு என்று சின்னச் சின்ன ஃபிலிம்கள்தான் மிச்சம். கழுகு அதில் அடங்காது. சித்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு, லிஃப்ட் கம்பெனியில் சேரும்போது உடல் தகுதிக்காக சித்தப்பா எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே.

நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"இது சித்தப்பாவா?"

"ஆமா. வெளியே பார்க்கிறதைவிட உள்ளே நல்லாத்தான் இருக்கார்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணாமா?"

"ஆறு வருஷம் ஆச்சு. வேலையும் கிடைச்சாச்சு. இனிமே இதை யாருடி பார்க்கப் போறா?"

இதை நான் அப்படியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்டேன், அவள் இந்தப் பதிலைச் சொன்னாள். சித்தப்பா பக்கத்து அறையில்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

காலண்டர் தாளின்மேல் ஃபிலிமை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெள்ளைப் பேனாவால் கழுகின் கோட்டைப் பதித்தாள். பிறகு மேஜையில் வைத்து வெட்ட ஆரம்பித்தாள். அவள் வெட்டும்போது கத்தியைத் திருப்ப மாட்டாள், ஃபிலிமைத்தான் திருப்புவாள். ஒரு நுரையீரலின்மேல் ஓர் இறக்கை, மறு நுரையீரலின்மேல் மறு இறக்கை. கண் விழாமல் இருக்க ஒரு பாலம் விட்டாள், வழக்கம்போல வலது பக்கம் சாய்ந்து. கடைசியில் ஒரு தட்டு தட்டினாள். கழுகு முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது.

டீ-ஷர்ட்டுக்குள் ஒரு தடித்த அட்டையைச் செருகினோம், பெயின்ட் பின்பக்கம் ஊறாமல் இருக்க. ஓட்டை அட்டையை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினோம். துணிக்கான கறுப்புப் பெயின்ட்டை ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, பஞ்சில் தொட்டு, முதலில் காகிதத்தில் ஒற்றி அதிகமாக இருந்ததை எடுத்துவிட்டுத்தான் துணியில் வைக்க விட்டாள்.

"தேய்க்காதே. ஒத்து. குழந்தை முகத்துக்குப் பவுடர் போடுற மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"இப்பதானேடி ஆரம்பிச்சே!"

தேய்த்தால் பெயின்ட் ஓரத்துக்கு அடியில் ஓடிவிடும். ஒற்றினால் ஓடாது. இது எனக்குத் தெரியும், ஆனாலும் ஓர் இடத்தில் தேய்த்துவிட்டேன். வால் பக்கம் கோடு கலங்கிப் பருத்துவிட்டது. மறுநாள் காய்ந்ததும், சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி வைத்தாள். சூடு பட்டால்தான் பெயின்ட் துணியில் நிற்கும்.

சித்தப்பா வேலையிலிருந்து வந்தார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கோழி நல்லா இருக்கு."

"கழுகு, சித்தப்பா!"

"அப்படியா? முட்டை போட உட்கார்ந்த மாதிரி இருக்கே."

சித்தி சிரித்த சிரிப்பில் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா மூலையில் கூட்டித் தள்ளியிருந்த குப்பையிலிருந்து ஃபிலிம் பறவையைக் கையில் எடுத்து விளக்கில் பார்த்தார்.

"அட, இது என்னோட நெஞ்சாச்சே! உள்ளே ஒரு கோழி இருக்குன்னு எவனும் சொல்லலையே."

அவருக்குக் கோபம் வரவில்லை. பின்பக்கத்துச் சின்ன பால்கனியில் புறாக்கள் வந்து காயப்போட்ட துணியை நாசம் செய்வது அந்த வீட்டின் நீண்ட நாள் பிரச்சினை. சித்தப்பா அந்தப் பறவையின் இரண்டு இறக்கையிலும் ஓட்டை போட்டு, நூல் கோத்து, கொடிக்கம்பியில் கட்டிவிட்டார். "என்னைப் பார்த்து நீங்க யாரும் பயப்படலை. புறாவாவது பயப்படுதான்னு பார்ப்போம்" என்றார். புறாக்கள் ஒரு வாரம் பயந்தன. பிறகு அதன்மேலேயே வந்து உட்கார்ந்தன.

வகுப்பில் என் சட்டையைப் பார்த்து ஒன்பது பேர் கோழி என்றார்கள். ஒருத்தி மட்டும் புறா என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். நான் எங்கேயும் சேரவில்லை. இரண்டு படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன், ஒரு கடையில் பதினோரு நாள் வேலைக்குப் போனேன். அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டில் நின்று போக ஆரம்பித்தார். முதலில் தண்ணீர் குடிக்க வந்தேன் என்றார். அடுத்த நாள் அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தேன் என்றார், என்ன என்பது மறந்துவிட்டது என்றார். மூன்றாவது வாரம் எந்தச் சாக்கும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கூடவே விடாத இருமல்.

சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மூச்சு வாங்கியது சளியால்தான், மருந்தில் சரியாகிவிடும் என்றார் நெஞ்சு டாக்டர். அவருடைய கவலை வேறொன்று.

"வலது பக்கம், மேலே, ஒரு பொட்டு மாதிரி தெரியுது. ஸ்கேன்லயும் நிச்சயமா சொல்ல முடியலை. பழைய தழும்பா இருக்கலாம், கெட்ட கட்டியாவும் இருக்கலாம். இதுக்கு முன்னாடி எப்பவாவது எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

"எடுத்திருக்கேன் டாக்டர், ஆறு வருஷம் முன்னாடி" என்றார் சித்தப்பா உற்சாகமாக. "ஒண்ணும் இல்லைன்னுதான் வேலைக்கு எடுத்தாங்க."

"அவங்க எழுதினது போதாது, படம் வேணும். அதுலயும் இதே பொட்டு இதே அளவுல இருந்தா, பழசுன்னு அர்த்தம். தொட வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும். படம் இல்லேன்னா திறந்து எடுத்துத்தான் பார்க்கணும்."

நான் சித்தியைப் பார்க்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது.

"அதை நான் வெட்டிட்டேன் டாக்டர்."

ஆறு வருஷத்துக்கு முன்பு படம் எடுத்த இடத்துக்கு அங்கிருந்தே போனோம். அந்தக் கட்டடத்தை இடித்து, செருப்புக்கடையும் செல்போன் கடையும் கட்டியிருந்தார்கள். அங்கே எடுத்த படங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம். சித்தி எங்கேயும் நிற்காமல் நான்கு மாடியும் ஓடி ஏறினாள். நானும் ஓடினேன்.

ஓட்டை அட்டை பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பறவையும் கொடிக்கம்பியில் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சித்தி "இருக்குடி, இருக்கு!" என்று கத்தினாள். நூலை அறுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓர் இறக்கையில் விலா எலும்புகள் வரிவரியாக நன்றாகவே தெரிந்தன. மற்ற இறக்கையில் ஒன்றுமே இல்லை. ஐந்தாவது மாடிக்காரர்கள் வெள்ளைத் துணி ஊறவைத்த பிளீச்சிங் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, அந்த இறக்கைமேல் ஐந்து மாதமாகச் சொட்டியிருக்கிறது. படம் முழுவதும் கரைந்து, இளநீலமாக வெறும் தகடு. அதன் வழியாக எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரிந்தது.

சித்தி அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாள். அழுக்கு போனால் படம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ. ரொம்ப நேரம் துடைத்தாள்.

மறுநாள் பறவையை ஓட்டைக்குள் பொருத்தி, டேப் போட்டு ஒட்டி, டாக்டரிடம் கொண்டுபோனாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இது என்ன, கோழியா?"

சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பார்த்தியா, டாக்டரே சொல்லிட்டார்" என்று என் பக்கம் திரும்பினார். டாக்டர் சிரிக்கவில்லை. தேவைப்பட்ட இடம் அந்த நீலத் தகட்டில்தான் இருந்தது.

"இதை வைச்சு எதுவும் சொல்ல முடியாது. விட்டு வைக்கிறதும் ஆபத்து" என்றார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த சித்தியிடம் சித்தப்பா சொன்னது இது: "நீ வெட்டினே. நான் மாட்டினேன். மேல்வீட்டுக்காரி தண்ணி விட்டா. எல்லாருக்கும் பங்கு இருக்கு. நீ ஒருத்தியே மொத்தத்தையும் எடுத்துக்காதே."

"பேசாம இருங்க. மூச்சு வாங்குது" என்றாள் சித்தி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். நான்காவது நாள் காய்ச்சல் வந்தது. தைத்த இடத்துக்கு உள்ளே சீழ் பிடித்துவிட்டது. மருந்தை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். அவர் படுத்திருந்த விரிப்பில், கால்மாட்டில், 'நெஞ்சுப் பிரிவு' என்று நீலத்தில் இருந்தது. முதல் எழுத்தின் வட்டத்துக்குள் வலது பக்கம் சாய்ந்த பாலம். சித்தி அதன்மேல் போர்வையை இழுத்து மூடுவாள். நர்ஸ் வந்து போர்வையைச் சரிசெய்தால் மறுபடி தெரியும். மறுபடி மூடுவாள்.

பத்தொன்பதாவது நாள் காலையில் சித்தப்பா இறந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டில் நிரப்பப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சித்தி அவர் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பாட்டிலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நெஞ்சிலிருந்து எடுத்ததைச் சோதித்த முடிவு, வர வேண்டிய நாளில் வராமல் எங்கேயோ தாமதமாகி, அவர் போன பிறகுதான் வந்தது. சித்தி தானே போய் வாங்கினாள். நெஞ்சு டாக்டர் அதைப் படித்து விளக்கினார். அது எப்போதோ வந்து ஆறிய காயத்தின் தழும்பு. வேறு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து சித்தி அதை எல்லோரிடமும் சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், மாடிப்படியில் எதிரே வந்தவர்களிடம், லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்த சித்தப்பாவின் கூட்டாளிகளிடம். "அது வெறும் தழும்புதான். பழைய படம் இருந்திருந்தா அறுத்திருக்கவே மாட்டாங்க. நான்தான் அதை வெட்டிட்டேன்." ஓர் அறிக்கை வாசிப்பதுபோல், அழாமல், ஒரே மாதிரி சொல்வாள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள்.

"நீ என்னம்மா பண்ணுவே, அவர் விதி அது."

"சும்மா இரு. டாக்டருங்க அவங்க தப்பை மறைக்கிறதுக்கு ஆயிரம் சொல்வாங்க."

"ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவர் சொல்லும்போதும் சித்தியின் முகம் இறுகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். கடைசியில் என் அம்மாவே கத்திவிட்டாள்.

"ஏன்டி ஊர் பூரா இதையே சொல்லிக்கிட்டுத் திரியிறே? உன் மேல தப்பில்லைன்னு எத்தனை பேர் சொல்றாங்க, காதுல விழலையா?"

"விழுது அக்கா."

"அப்புறம் என்ன?"

"நான் சொல்றது யார் காதுலயும் விழலை" என்றாள் சித்தி. அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே மாதத்தில் ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் தன்னிடம் இருந்த ஃபிலிம் அட்டைகள் எல்லாவற்றையும் சித்தி எக்ஸ்ரே அறைப் பெட்டியிலேயே போய்ப் போட்டுவிட்டாள். காகித அட்டையில் வெட்ட ஆரம்பித்தாள். அது பத்து விரிப்புக்கு மேல் தாங்காது என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

ஒரு நாள் மத்தியானம் அம்மா கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் சலவைப் பிரிவுக்குப் போனேன். அங்கே எப்போதும் சூடாக, ஈரமாக, சோப்பு வாசனையாக இருக்கும். மெஷின் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையில்தான் எப்போதும் வருவார் என்பதால் அங்கிருந்த சூப்பர்வைசருக்குக் கஞ்சி சார் என்று பெயர். சித்தியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"அச்சக்கா, இதைப் பாருங்க. 'கண் பிரிவு' போட்டிருக்கீங்க. கண்ணுல புரை விழுந்த மாதிரி இருக்கு."

"அடுத்த அட்டை வெட்டுறேன் சார்."

"ஒரு நாளைக்கு எத்தனை அட்டைதான் வெட்டுவீங்க? அந்தப் பழைய ஃபிலிம்ல ஆயிரம் விரிப்பு போட்டாலும் அசையாதே."

சித்தி பஞ்சை மறுபடி பெயின்ட்டில் தொட்டாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

டப்பாவை வைத்தேன். சித்தி தொடவில்லை. ஊறிப்போன அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புது அட்டையில் கோடு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "ஆமா சித்தி."

"எல்லாரும் இல்லை இல்லைங்கிறாங்க. நீ பார்த்தே. நீ சொல்லு."

வரும் வழியெல்லாம் அவளுக்கு ஆறுதலாக என்ன சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். சித்தப்பா நிம்மதியாகத்தான் போனார் என்று ஒன்று. நீ சாப்பிடாவிட்டால் அவருக்குப் பிடிக்காது என்று இன்னொன்று. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. மற்றவர்கள் சொன்னதையே நானும் சொன்னால், இனி என்னிடமும் பேச மாட்டாள் என்று தோன்றியது.

"ஆமா சித்தி. நீதான் வெட்டினே" என்றேன். "அவர்கிட்ட கேட்கலாமான்னு நான் கேட்டேன். நீ வேணாம்னே. அது இருந்திருந்தா அறுத்திருக்க மாட்டாங்க."

மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. கேட்டிருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"கழுகு வேணும்னு கேட்டது நான்" என்றேன். "சித்தப்பா மாட்டினார். ஆனா வெட்டினது நீதான்."

"ஆமா" என்றாள் சித்தி. "நான்தான்."

பிறகு பக்கத்தில் குவித்திருந்த துவைத்த விரிப்புகளின்மேல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில், வீட்டில், இத்தனை நாளில் நான் பார்த்திராத அழுகை. சூடு ஆறாத ஒரு விரிப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் செய்தது சரியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்றுதான் தோன்றியது. கஞ்சி சார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கிட்டே வராமல், இந்தப் பக்கம் வரப்போன இரண்டு பேரைக் கையைக் காட்டி வேறு வழியாக அனுப்பினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மெஷின் சுற்றி முடித்து நின்றது. சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த விரிப்பைப் பார்த்து, "இது மறுபடி துவைக்கப் போகணும்" என்று தனியாக எடுத்துப் போட்டாள். டப்பாவைத் திறந்தாள். பாதி சாப்பிட்டாள். மீதியை மூடி என்னிடம் தந்தாள்.

"அந்தச் சட்டை இருக்கா?"

"இருக்கு சித்தி. உள்ளே மடிச்சு வைச்சிருக்கேன்." கடைசியாக எப்போது போட்டேன் என்பதே நினைவில்லை. அதைப் பார்த்தால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, அலமாரியில் எல்லாத் துணிக்கும் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"மடிச்சு வைக்காதே. மடிப்புல பெயின்ட் வெடிச்சிரும். எடுத்துப் போடு."

"சரி."

"துவைக்கும்போது உள்பக்கமாத் திருப்பித் துவை."

"சரி சித்தி."

புது அட்டையைக் கையில் எடுத்தாள். "வந்தது வந்தே, அந்த மூலையைப் பிடி" என்றாள். நான் விரிப்பின் மூலையை இழுத்துப் பிடித்தேன். அவள் ஒற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். ஐந்தாவது மாடிக்கார அம்மா துணி வாளியோடு எதிரே ஏறி வந்தார். இந்தச் சட்டையின் கதையோ, தன் வீட்டுத் தண்ணீர் செய்ததோ அவருக்குத் தெரியாது. நின்று, என் சட்டையை உற்றுப் பார்த்து, "என்ன பாப்பா, கோழியா?" என்றார்.

"ஆமா, கோழிதான்" என்றேன்.